மஞ்சள் மேல் வெள்ளை

கார் ஓட்டத் தெரியும் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர்களில் ரிவர்ஸ் ஒரு தனி ரகம். அவன் ஒரு வாரத்தில் தொடுகிற வண்டிகளை மற்றவர்கள் ஆயுசு முழுக்கத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றைக்கூட அவன் தெருவில் ஓட்டியது கிடையாது. நாலு மாடி ஆபீஸ் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கிற முற்றம்தான் அவன் ராஜ்ஜியம். வருகிற வண்டிகளைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தில் சொருகுவது அவன் தொழில். அப்பா அம்மா வைத்த பெயர் அந்தக் கட்டிடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. "ரிவர்ஸ், என் வண்டி!" என்று மாடி ஜன்னலிலிருந்து குரல் கொடுப்பார்கள். "இதோ சார்!" என்று அவனும் சாவியைத் தேடி ஓடுவான்.

முற்றம் என்றதும் ஏதோ விசாலமாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். தூண்களுக்கு நடுவே ஐந்து சந்துகள், அவ்வளவுதான். ஒரு சந்தில் ஒன்றன்முன் ஒன்றாக நாலு வண்டி நிற்கும். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாய். கடைசியாக உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். அடியில் நிற்கிற வண்டி வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நிற்கிற மூன்றையும் எடுத்து எங்கேயாவது வைத்தாக வேண்டும். அந்த 'எங்கேயாவது'க்காகத்தான் ஐந்தாவது சந்தை எப்போதும் காலியாக விட்டுவைப்பான். அந்தக் காலிச் சந்து இல்லையென்றால் ரிவர்ஸும் இல்லை, கட்டிடமும் இல்லை.

யார் எப்போது கிளம்புவார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். டிராவல்ஸ்காரர் காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் கூட்டிப் பெருக்குகிறவர்கள் வந்து கிளப்பினால்தான் எழுந்திருப்பார். அவர் வண்டி அடியில் போகும். வக்கீலம்மா நினைத்தால் கிளம்புவார், நினைத்தால் திரும்பி வருவார். அவர் வண்டி எப்போதும் வாயில். பல் டாக்டர்தான் பெரிய தலைவலி. காலையில் முதல் ஆளாக வந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே இன்னொரு கிளினிக்குக் கிளம்பிவிடுவார். அவர் வண்டியைக் கொஞ்ச நேரம் காலிச் சந்தில் வைத்திருந்து, எல்லோரும் வந்தபிறகு ஒரு வரிசையின் வாய்க்கு மாற்ற வேண்டும். போதாததற்கு அவர் சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டிவைத்திருப்பார். ரிவர்ஸின் முழங்கால் இரண்டும் அந்த வண்டியின் பெயரைச் சொன்னாலே வலிக்கும்.

இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர் கட்டிடத்தின் மேனேஜர். மேனேஜர் வேறு யாருமில்லை, அவனுடைய சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். வேலை வாங்கிக் கொடுத்த அன்றே, "இங்க உள்ள வரைக்கும் சார், வெளிய போனாதான் சகலை" என்று சொல்லிவிட்டார். ரிவர்ஸும் வாய் தவறாமல் சார் போட்டுக்கொண்டிருந்தான். அதுகூடப் பரவாயில்லை. மனைவியின் அக்கா இருக்கிறாளே, அவள் குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம், சோறு பரிமாறும்போதுகூட, "எங்க வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த வேலை எப்படிப் போகுது?" என்று கேட்பாள். சாதாரணமாகத்தான் கேட்பாள். அந்தச் சாதாரணம்தான் தாங்க முடியாதது. ரிவர்ஸின் மனைவி அப்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடிப்பாள்.

இப்போது அந்த வேலைக்கே உலை வைக்க ஒரு இயந்திரம் வரப் பார்த்தது. வண்டிகளைத் தானாகத் தூக்கி மாடி மாடியாக அடுக்குமாம். பொத்தானை அழுத்தினால் எந்த வண்டி வேண்டுமோ அது இறங்கி வருமாம். சகலை அதன் பளபளப்பான விளம்பரத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார். "மெஷின் வந்துட்டா உனக்கு வேற எங்கயாவது பார்க்கலாம்ப்பா" என்று அன்பாகச் சொன்னார். இயந்திரமா ஆளா என்று முடிவு செய்ய முதலாளியம்மா நேரில் வருவதாக ஏற்பாடு.

அவர் வரப்போகிற அன்று காலையில் மனைவி வாசல் வரை வந்து நின்றாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கண்ணாடி டியூபைத் தொடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"சேச்சே, நான் ஏன் தொடப்போறேன்?"

"வேலை போனாக்கூட நான் தாங்கிக்குவேன். எங்க அக்கா வந்து எனக்கு ஆறுதல் சொல்லுவா பாருங்க, அதைத் தாங்க மாட்டேன்."

அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். மதியம் போன் பண்ணுவதாகவும், என்ன முடிவானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் வழியில்லாமல் போய்விட்டது. இதை ரிவர்ஸ் பிற்பாடு தன் பக்க நியாயமாகச் சொன்னான்.

கண்ணாடி டியூப் என்று அவள் சொன்னது போனில் ஆடுகிற ஒரு விளையாட்டு. அது வந்து சேர்ந்த விதத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஒரு நாள் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு விளம்பரம். வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, ஊதா என்று வண்ணத் தண்ணீர் அடுக்கடுக்காக. கலந்துகிடப்பதைப் பிரித்து ஒரு குழாய்க்கு ஒரு வண்ணம் என்று சேர்க்க வேண்டும். விளம்பரத்தில் ஒரு விரல் வந்து தப்புத் தப்பாக ஊற்றியது. காலிக் குழாய் கண்ணெதிரே இருக்க, அதை விட்டுவிட்டு வேறெதையோ தட்டித் தோற்றுப்போனது. ரிவர்ஸுக்கு ரத்தம் கொதித்தது. "அறிவுகெட்ட விரலே, காலியில ஊத்து!" என்று போனைப் பார்த்துக் கத்தினான். விரல் மதிக்கவில்லை, திரும்பவும் அதே தப்பைச் செய்தது. அந்த விரலுக்குப் புத்தி புகட்ட வேண்டும் என்றுதான் விளையாட்டை இறக்கினான். இறக்கியவன் இன்னும் ஏறவில்லை.

அதன் சட்டம் ரொம்பச் சுலபம். ஒரு வண்ணத்தின் மேல் அதே வண்ணத்தைத்தான் ஊற்றலாம், இல்லாவிட்டால் காலிக் குழாயில் ஊற்றலாம். வேறு வண்ணத்தின் மேல் ஊற்றப் போனால் குழாய் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு குழாய் முழுக்க ஒரே வண்ணமாகிவிட்டால் ஒரு மூடி வந்து மேலே உட்காரும், மணி அடிக்கும், வண்ணக் காகிதம் பறக்கும். திணறுகிறவர்களுக்கு ஒரு விளம்பரம் பார்த்தால் கூடுதலாக ஒரு காலிக் குழாய் கிடைக்கும். அப்படி வாங்குகிறவர்களை ரிவர்ஸ் மனிதராகவே மதிப்பதில்லை. நாளாவட்டத்தில் விளையாட்டு போனை விட்டு வெளியே வந்து வீட்டிலும் புகுந்தது. கொடியில் துணி உலர்த்தச் சொன்னால் வண்ணவாரியாகப் பிரித்து உலர்த்திவிட்டு, மணி அடிக்குமா என்று பார்ப்பதுபோல் நிற்பான். "துணி காஞ்சா போதுங்க, ஜெயிக்க வேண்டாம்" என்பாள் மனைவி.

ஒருமுறை சகலை அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "வேலை நேரத்துல இது என்ன சின்னப் பிள்ளைங்க விளையாட்டு? வெட்கமா இல்லை?" என்று அரை மணி நேரம் காய்ச்சி எடுத்தார். ரிவர்ஸ் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். குனிந்த தலைக்குள் ஒரு பச்சையை எங்கே ஊற்றுவது என்ற யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

சரி, கதைக்கு வருவோம். அன்று காலை முற்றத்துக்கு வந்தவன் சத்தியமாக போனைத் தொடக்கூடாது என்றுதான் இருந்தான். ஆனால் முந்தின நாள் பாதியில் விட்ட ஆட்டம் ஒன்று உள்ளே காத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நகர்த்தலில் எல்லாம் அவிழ்ந்துவிடும் போலிருந்தது. ஊதாவைத் தூக்கிவிட்டால் பச்சை வரும், பச்சை வந்தால் அடியில் கிடக்கிற சிவப்பு வரும். வண்டிகள் வர இன்னும் நேரமிருந்தது. ஒரு பார்வை பார்ப்பது ஆடுவதாகாது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

பல் டாக்டர் வந்தார், சாவியை நீட்டினார், மேலே போனார். வெள்ளை வண்டி. ரிவர்ஸ் அதை முதல் சந்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினான். ஊதாவை எங்கே போடுவது? டிராவல்ஸ்காரர் கறுப்பு வண்டியில் வந்தார். அதை இரண்டாவது சந்தில் விட்டான். ஊதாவைக் காலியில் போட்டால் பச்சைக்கு இடமில்லையே? வக்கீலம்மாவின் சிவப்பு மூன்றாவதில். ஆடிட்டரின் நீலம் நாலாவதில். அடுத்து ஒரு வெள்ளை வந்தது. அதை எங்கே விடுவது என்று அவன் யோசிக்கவே இல்லை. அவனைக் கேட்காமலே கை முதல் சந்துக்குத் திருப்பியது. பிறகு வந்த ஒரு நீல வண்டியைக் கவனக்குறைவாகக் கறுப்பின் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினான். இறங்கியவனுக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. மறுபடி ஏறி, அதை எடுத்து, நீலச் சந்துக்கு மாற்றிய பிறகுதான் மூச்சு சீரானது. இன்றைக்கு எவ்வளவு பொறுப்பாக வேலை பார்க்கிறோம் என்று அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை பிறந்தது.

எல்லா வண்டியும் வந்து முடிந்ததும் சகலை மேலே கூப்பிட்டார். முதலாளியம்மா பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று புதுச் சட்டையும் ஒரு தொப்பியும் கொடுத்தார். தொப்பி காதுவரை இறங்கியது. அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான்.

முதல் சந்து முழுக்க வெள்ளை. இரண்டாவது முழுக்கக் கறுப்பு. மூன்றாவது முழுக்கச் சிவப்பு. நாலாவது முழுக்க நீலம். ஐந்தாவது துடைத்துவிட்டாற்போல் காலி.

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சும்மா சொல்லக்கூடாது, கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நிறைவாக இருந்ததில்லை. காதுக்குள் மணி அடித்தது. அடுத்த ஆட்டத்துக்குப் போகிற பொத்தானைத் தேடி அவன் விரல் ஜன்னல் கண்ணாடியைக்கூடத் தட்டிவிட்டது. அதற்கப்புறம்தான் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பல் டாக்டர் வெள்ளைச் சந்தின் அடியில் கிடக்கிறார். வக்கீலம்மா சிவப்பின் அடியில். சாயங்காலம்வரை அசையாத ஆட்கள் எல்லோரும் வாயில் நிற்கிறார்கள். கிளம்புகிற நேரத்தை வைத்து அடுக்க வேண்டிய முற்றத்தை அவன் வண்ணத்தை வைத்து அடுக்கிவிட்டான்.

பதறிக்கொண்டு படியிறங்கி ஓடினான். காலிச் சந்து ஒன்று இருக்கிறவரைக்கும் பயமில்லை, முதலாளியம்மா வருவதற்குள் எல்லாவற்றையும் சரியாக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஓடினான். கடைசிப் படியில் கால் வைக்கிறான், வெளிக்கேட்டில் ஹார்ன் சத்தம். மஞ்சள் நிறத்தில் ஒரு வண்டி உள்ளே வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது முதலாளியம்மாவேதான். "அம்மா, சாவியைக் கொடுங்க, நான் விடறேன்" என்று ரிவர்ஸ் கத்துவதற்குள் அவர் நேராகப் போய்க் காலிச் சந்தின் அடிவரைக்கும் வண்டியை விட்டு, பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டார்.

"அடடே!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார் முதலாளியம்மா. "எவ்வளவு அழகா இருக்கு! யார் யோசனை இது?"

பின்னாலேயே இறங்கி வந்த சகலை ஒரே தாவலில் முன்னால் வந்தார். "நான்தாம்மா சொன்னேன். கலர் கலரா நிறுத்தினா பார்க்கறவங்களுக்கு ஒரு மரியாதை வரும்னு."

ரிவர்ஸுக்கு அவர் பெயரைத் தட்டிக்கொண்டு போனதில் துளியும் வருத்தமில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதைச் சுமக்க ஒரு ஆள் வேண்டியிருக்கும், அவரே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். அது பலிக்க வெகுநேரம் ஆகவில்லை. பல் டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ரிவர்ஸ், என் வண்டி."

ரிவர்ஸ் திருதிருவென்று விழித்தான். சகலை அவனைப் பார்த்தார். முதலாளியம்மா இருவரையும் பார்த்தார். ஆளா இயந்திரமா என்ற கேள்விக்கு விடை தெரிகிற நேரம் இதுதான் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"அது அடியில இருக்கு டாக்டர். மேல மூணு வெள்ளை நிக்குது."

"மூணையும் எடு."

"எடுத்து எங்க வைக்கிறது?"

அவன் சந்து சந்தாகப் பார்த்தான். கறுப்பு நிரம்பியிருந்தது. சிவப்பு நிரம்பியிருந்தது. நீலமும் அப்படியே. காலியாக இருந்த ஒன்றில் மஞ்சள் போய் உட்கார்ந்திருக்கிறது. வெளியே தெருவில் பஸ் போகிற பாதை, ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் அபராதம். நெற்றியில் வேர்த்துத் தொப்பி வழுக்கியது. அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"நகர்த்த வழியே இல்லை சார்."

சகலையும் சந்து சந்தாகப் பார்த்தார். உதட்டைக் கடித்து, விரலைக் காற்றில் அங்குமிங்கும் நகர்த்தி ஏதோ கணக்குப் போட்டார். கடைசியில் அவரும் கையை விரித்தார். "ஆமாம். வழியே இல்லை."

பல் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்ப்பா, அந்த மஞ்சள் வண்டிக்கு முன்னாடி இன்னும் மூணு வண்டி நிக்க இடம் கிடக்குதே. அங்க விட வேண்டியதுதானே?"

"அது முடியாது டாக்டர்!" என்றார்கள் சகலைகள் இருவரும் ஒரே குரலில்.

"ஏன் முடியாது?"

"மஞ்சள் மேல வெள்ளை வராது" என்றான் ரிவர்ஸ்.

"எப்படி வரும்? வரவே வராது" என்றார் சகலை.

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் காதில் விழுந்தது. ரிவர்ஸ் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான். சகலையின் முகத்தில் ஈயாடவில்லை.

"சகலை... நீங்களுமா?"

சார் போடவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

"சத்தம் போடாதய்யா" என்று பல்லுக்குள் முணுமுணுத்தார் சகலை. "அன்னைக்கு உன் கையில பார்த்தேன் இல்ல, அப்பத்தான் இறக்கினேன். என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது."

"எந்த லெவல்?"

"நானூத்துச் சொச்சம்."

ரிவர்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன்னைவிட நூறு முன்னால் இருக்கிறாரே! பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "கூடுதல் டியூப் வாங்கினீங்களா?"

சகலை தரையைப் பார்த்தார். "ஏதோ... மாட்டிக்கிட்டா மட்டும்."

"அதானே பார்த்தேன்!" என்றான் ரிவர்ஸ். வேலை போகப்போகிற அந்த நேரத்திலும் அவனுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

"ஐயா!" என்று பல் டாக்டர் அலறினார். "அந்தக் கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு எனக்காக உட்கார்ந்திருக்கார்!"

வேறு வழியில்லை. ரிவர்ஸ் முதல் வெள்ளை வண்டியில் ஏறினான். மஞ்சள் வண்டி நிற்கிற சந்துக்குள் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனான். எந்த நிமிஷமும் வண்டி தலையை ஆட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சளின் முன்னால் வெள்ளை சாதாரணமாக நின்றது. இறங்கி ஒருமுறை தொட்டுப் பார்த்தான், நின்றுகொண்டேதான் இருந்தது. அடுத்த இரண்டும் மளமளவென்று போய்ச் சேர்ந்தன. பல் டாக்டரின் வண்டி வெளியே வந்தது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ரிவர்ஸ் இறங்க, டாக்டர் ஏறி ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பறந்துவிட்டார்.

முதலாளியம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"மேனேஜர், முடியாதுன்னீங்களே, ஏன்?"

சகலை விளம்பரத் தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரிவர்ஸுக்கு அப்போது மருந்துக் கடையில் நிற்கிற மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாளே. இன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு வருவாள், தங்கையின் தோளைத் தட்டுவாள், "விடுடி, எங்க வீட்டுக்காரர் வேற பார்த்துத் தருவார்" என்பாள். அவமானத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போகிறதுதான் போகிறது, பொய்யாவது சொல்லாமல் போகட்டும் என்று தொப்பியைக் கழற்றினான்.

"அம்மா, போன்ல ஒரு விளையாட்டு இருக்கு. அதுல ஒரு கலர் மேல வேற கலரை ஊத்த முடியாது. அதை ஆடி ஆடி எனக்கு மண்டைக்குள்ள அதுவே சட்டமாயிடுச்சு. இப்படி நிறுத்தினது யோசனையும் இல்லை, ஒண்ணும் இல்லை. என் தப்புதான்."

"தப்பா?" முதலாளியம்மாவின் புருவம் சகலையின் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லித்தான் செஞ்சதுன்னீங்க?"

சகலை தூணுக்குப் பின்னால் போக முடியுமா என்று பார்த்தார். அவர் உடம்புக்குத் தூண் போதாது.

"எங்க, காட்டு அந்த விளையாட்டை" என்று கையை நீட்டினார் முதலாளியம்மா.

ரிவர்ஸ் போனைக் கொடுத்தான். காலையில் பாதியில் நின்ற ஆட்டம் அப்படியே இருந்தது. சட்டத்தைச் சொன்னான். "இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்று அவர் ஒரு குழாயைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். குழாய் தலையை ஆட்டியது. "என்னையே முடியாதுங்குது!" என்றார். மறுபடி தட்டினார். மறுபடியும் ஆட்டியது. சுற்றிலும் பார்த்தார். சகலையின் கையிலிருந்த பளபளப்புத் தாளை வாங்கி, தூசி படிந்த ஸ்டூலின் மேல் விரித்து உட்கார்ந்தார்.

"அம்மா, அது மெஷின் விவரம்..." என்றார் சகலை.

"சும்மா இருங்க. இந்த ஊதாவை என்ன பண்றது?"

"பச்சையை முதல்ல எடுங்கம்மா" என்றார் சகலை, வாய் தானாகத் திறந்து.

"எடுக்காதீங்கம்மா, மாட்டிக்குவீங்க" என்றான் ரிவர்ஸ். "இவர் டியூப் வாங்கி ஆடற ஆள்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!"

வக்கீலம்மா இறங்கி வந்தார். ரிவர்ஸ் காலியான வெள்ளைச் சந்தைப் பயன்படுத்தி அவர் சிவப்பை எடுத்துக் கொடுத்தான். யாரோ கறுப்பு கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தான். வண்ணமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து முற்றம் பழைய கோலத்துக்கு வந்தது. முதலாளியம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் கிளம்புவதாகச் சொன்ன நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. கைப்பைக்குள் அவருடைய சொந்த போன் அடித்து அடித்து ஓய்ந்துபோனது.

அப்போது ரிவர்ஸின் போனும் அடித்தது. திரையில் 'வீடு' என்று மனைவியின் எண் வந்து குழாய்களை மறைத்தது. முதலாளியம்மா வெடுக்கென்று துண்டித்தார். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தார். மூன்றாவது தடவை அடித்தபோது, கண்ணுக்கு முன்னாலிருந்து போனை விலக்க மனமில்லாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, ஏன் கட் பண்றீங்க? வேலை போயிடுச்சா? பயப்படாம சொல்லுங்க."

"யாரும்மா நீ? குறுக்க குறுக்க அடிச்சா நான் எப்படி ஆடறது?"

"நீங்க யாரு? அவர் போன் உங்ககிட்ட எப்படி?" என்று மனைவியின் குரல் கூர்மையாக வந்தது. ரிவர்ஸ் குறுக்கே பாய்ந்து, "அம்மாடி, முதலாளியம்மா!" என்று கத்தினான்.

குரல் அப்படியே குழைந்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா. அவர் நல்லவர்மா. எல்லாம் அந்தப் பாழாப்போன டியூபால வந்தது. இன்னைக்கே அழிச்சுடச் சொல்றேன்மா. வேலையை மட்டும்..."

"அழிக்கறதா? நல்லா இருக்கே!" என்றார் முதலாளியம்மா, ஊதாவைக் காலியில் ஊற்றிக்கொண்டே. "அவர் வேலை எங்கயும் போகலை. இங்கேயேதான் இருப்பார். மெஷினை வாங்கி வெச்சா இத்தனை வண்டியையும் அதுவே நகர்த்தி அதுவே ஆடிக்கும். நமக்கு என்ன மிச்சம்? நாளையிலேர்ந்து நானும் வரேன். இப்ப போனை வை."

ரிவர்ஸ் பக்கத்தில் இருந்த வண்டியின் மேல் சாய்ந்துகொண்டான். கண்ணில் நீர் முட்டியது. மறைக்கத் தொப்பியைப் போட்டான், அது தானாகவே இறங்கி மறைத்தது.

ஆனால் மனைவி போனை வைக்கவில்லை. தயங்கித் தயங்கி, "அம்மா... கோபிச்சுக்காதீங்க, ஒரே ஒரு உதவி" என்றாள். "இதையே எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுங்களா? நான் சொன்னா அவ நம்ப மாட்டா. அவ வீட்டுக்காரர்தான் உங்க மேனேஜர்."

முதலாளியம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். ரிவர்ஸைப் பார்த்தார். பிறகு, ஓசைப்படாமல் படியேறப் பார்த்துக்கொண்டிருந்த சகலையைப் பார்த்தார்.

"மேனேஜர், உங்க வீட்டுக்குப் போன் போடுங்க."

"இப்பவாம்மா?"

"இப்பவேதான்."

சகலை போனை எடுத்து, எண்ணைத் தட்டி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "நான்தான்... ஒண்ணுமில்லை... இல்லை, உன் தங்கச்சி வீட்டுக்காரர் விஷயம்... முதலாளியம்மா அவரே இருக்கட்டும்னு... ஆமா... அவங்களேதான் சொன்னாங்க..." என்று மீசைக்குள் பேசினார்.

முதலாளியம்மாவின் கையிலிருந்த போனிலிருந்து மனைவியின் குரல் பணிவாக வந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்கம்மா. எனக்குச் சரியாக் கேக்கலை."